அப்பாவின் 31 கேசட், ஒரு பென்டிரைவ்: காடி (கார்) ரேடியோவில் வரிசை மாறிப் பாடுகிறது

#1 லயத்துப்பிள்ளை (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பா பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகும் நாங்கள் அதே லயத்து வரிசை வீட்டில்தான் இருந்தோம். அவர் விட்டுப்போன சொத்து என்றால் ஒரு பெரிய பிஸ்கட் டின்னும் அதற்குள் 31 கேசட்டும்தான். சில கடையில் வாங்கியவை. மீதி எல்லாம் அரசாங்கத் தமிழ் வானொலியான ரேடியோ ஆறு ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவரே பதிந்தவை. அட்டையில் நீல மையில் பாட்டின் முதல் வரி, பக்கம் 1, பக்கம் 2 என்று வரிசையாக எழுதியிருப்பார். ஒன்றிரண்டில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிட்டது.

கோவிட் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கினேன். 390 பாட்டுக்கு மேல் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் அம்மாவை முழங்கால் சிகிச்சைக்கு ஈப்போவுக்குக் கூட்டிப் போகிறேன். பழைய ரோட்டில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இத்தனை பாடு.

இப்போது என்ன தொல்லை என்றால், காடி பழைய மைவி. முன்பு வைத்திருந்தவர் மாட்டிய ரேடியோ, யூஎஸ்பி உண்டு. பாட்டு ஓடுகிறது, ஆனால் கேசட் 3க்குப் பிறகு கேசட் 19, அதற்குப் பிறகு 7. திரையில் தமிழ்ப் பெயருக்குப் பதிலாக வெறும் கட்டம். ஒரு பாட்டு கிசுகிசுக்கிறது, அடுத்தது காதைப் பிளக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஒயரிங் தம்பி

அண்ணே, பென்டிரைவ் எத்தனை ஜிபி? எதில் ஃபார்மேட் செய்தீர்கள்? எப்படி காப்பி செய்தீர்கள்? மூன்றும் தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

#3 லயத்துப்பிள்ளை

முதலில் 64 ஜிபி வாங்கினேன். ரேடியோ ஃபைலே இல்லை என்றது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 16 ஜிபி ஒன்று வாங்கிப் போட்டேன், பாடியது. காப்பி என்றால், மடிக்கணினியில் எல்லா ஃபோல்டரையும் மொத்தமாகப் பிடித்து இழுத்துப் போட்டேன்.

#4 ஒயரிங் தம்பி

ரெண்டுக்கும் காரணம் அதிலேயே இருக்கிறது.

64 ஜிபி வாங்கும்போதே எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகி வரும். பழைய ரேடியோக்களுக்கு ஃபேட்32 மட்டும்தான் படிக்கத் தெரியும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டியும் நெடுங்காலமாக 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32ஐக் காட்டியதில்லை, அதனால் பலர் பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு 64 ஜிபியே தேவையில்லை. 128 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு நிமிடத்துக்கு 1 எம்பிக்கும் கொஞ்சம் குறைவு. நாலரை நிமிடப் பாட்டு 390 என்றாலும் 2 ஜிபியைத் தாண்டாது.

வரிசைக்கு வருவோம். கணினி ஃபைல்களைப் பெயர் வரிசையில் அடுக்கிக் காட்டும். நிறைய காடி ரேடியோக்கள் அந்த வேலையைச் செய்வதில்லை. பென்டிரைவின் அட்டவணையில் எது முதலில் பதிவானதோ அதை முதலில் பாடும். மொத்தமாக இழுத்துப் போட்டால் எது முதலில் போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. இடையில் ஒன்றை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் அது அழிந்ததன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

#5 பழைய கிராணி (பீடோர்)

தம்பி சொல்வதை எங்கள் தோட்டத்து ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். செக்ரோல் என்னும் ஆள் பதிவுப் புத்தகத்தில் ஆள் பெயர் அகர வரிசையில் இருக்காது. வேலைக்குச் சேர்ந்த வரிசையில் இருக்கும். ஒருவர் நின்றுபோனால் அந்தக் கோட்டில் புது ஆள் பெயரை எழுதிவிடுவோம். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது புத்தகத்தில் உள்ளபடிதான் கூப்பிடுவார்கள். உங்கள் ரேடியோ பெரட்டுக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான்.

#6 ஒயரிங் தம்பி

ஐயா, இனிமேல் கடையில் இதைத்தான் சொல்லப் போகிறேன் 😄

செய்ய வேண்டியது: பென்டிரைவை ஃபேட்32இல் புதிதாக ஃபார்மேட் செய்யுங்கள். ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக, நீங்கள் கேட்க விரும்பும் வரிசையில் காப்பி செய்யுங்கள். பொறுமை இல்லையென்றால் ஃபேட்சார்ட், டிரைவ்சார்ட் என்று சின்ன மென்பொருள்கள் உண்டு. அவை அந்த அட்டவணையையே பெயர் வரிசைக்கு மாற்றி எழுதிவிடும். பெயருக்கு முன் எண் போடும்போது 01, 02 என்று போடுங்கள். 1, 2 என்று போட்டால் 1க்குப் பிறகு 10 வந்து நிற்கும்.

மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அது ஒவ்வொரு பாட்டுக்கும் புள்ளியும் அடிக்கோடும் போட்டுத் தொடங்கும் ஒரு குட்டி ஃபைலையும் சேர்த்து எழுதிவிடும். கணினியில் கண்ணுக்குத் தெரியாது. ரேடியோ அதையும் பாட்டு என்று நினைத்துப் பாடப் பார்த்து, இரண்டு விநாடி முழித்துவிட்டு அடுத்ததற்குப் போகும்.

#7 பட்டணத்துப் பையன் (கிள்ளான்)

இன்னுமா பென்டிரைவ்? கைப்பேசியில் ஸ்பாட்டிஃபை, புளூடூத். முடிந்தது வேலை.

#8 செம்பனை லோரி

தம்பி, ஒரு நாள் லிந்தாங் பக்கம் என்னோடு வா. தோட்டத்துக்குள் நுழைந்து ரெண்டு வளைவு திரும்பினால் லைன் போய்விடும். சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் குலை ஏற்ற வேண்டும். புளூடூத்தில் இன்னொரு தொல்லை, நல்ல சரணம் வரும்போதுதான் மண்டோர் (மேற்பார்வையாளர்) போன் அடிப்பார்.

#9 லயத்துப்பிள்ளை

பையனுக்கு: அப்பா பதிந்தது அங்கே கிடைக்காது. பாட்டு கிடைக்கும், அவர் பதிந்தது கிடைக்காது. பிறகு சொல்கிறேன்.

தம்பி சொன்னபடி ஃபார்மேட் செய்து வரிசையாகப் போட்டேன். இப்போது ஒழுங்காகப் பாடுகிறது. நன்றி. ஆனால் 390 பாட்டையும் எப்படிப் பிரிப்பது என்று குழப்பம். கேசட் எண் வைத்து ஃபோல்டர் போட்டிருக்கிறேன், அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஒரே கேசட்டில் பக்திப் பாடலுக்கு அடுத்து காதல் பாட்டு, அதற்கடுத்து ஒப்பாரி மாதிரி ஒன்று.

#10 மின்னல் ரசிகை (நிபோங் திபால்)

தம்பி, இந்த வேலையில் நான் 3 வருடம் மாட்டிக்கொண்டு கிடந்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எம்பி3 டேக் (ஃபைலுக்குள் பாட்டு, பாடகர் பெயரெல்லாம் எழுதும் இடம்) முறையைச் செய்தவர்கள் மனத்தில் இருந்தது ஒரு பாடகர், அவருடைய ஒரு ஆல்பம். நம் சினிமாப் பாட்டுக்கு அந்தச் சட்டை பொருந்தாது. படம், இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் என்று நான்கு பேர் உரிமை கொண்டாடுவார்கள். போதாக்குறைக்கு என் மாமியார் "எம்ஜிஆர் பாட்டு போடு, சிவாஜி பாட்டு போடு" என்பார். இரண்டையும் பாடியது டி.எம்.சௌந்தரராஜன் என்று டேக்கில் இருந்து என்ன பயன்?

நான் செய்தது: ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயர். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் இசையமைப்பாளர். ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் பாடகர்கள். பாடலாசிரியருக்கு டேக்கில் தனி இடமே உண்டு, பலருக்குத் தெரியாது. நடிகரை ஜான்ர என்ற வகைப் பகுதியில் போட்டுவிட்டேன்; விதி மீறல்தான், மாமியாருக்காகச் செய்தது. ஆல்பம் ஆர்ட்டிஸ்டைக் காலியாக விட்டுவிடாதீர்கள். விட்டால் பல பிளேயர்களில் ஒரு படத்தின் ஆறு பாட்டும் ஆறு பாடகர்கள் பெயரில் ஆறு ஆல்பமாகச் சிதறிவிடும்.

எம்பி3டேக் என்ற மென்பொருளில் நூறு பாட்டை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து மாற்றலாம். இணையத்தில் இறக்கிய பாட்டாக இருந்தால் முதல் வேலை, பாடகர் பெயர் இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் இணையதளத்தின் பெயரைத் துடைப்பது. இரண்டாவது, ஆங்கில எழுத்துக் கூட்டல். என்னிடம் இளையராஜா ஐந்து பேராக இருந்தார். ஒருவருக்கு 'ஒய்' இல்லை, ஒருவருக்கு 'ஏ' கூடுதல், ஒருவருக்கு நடுவில் இடைவெளி. ஐவரையும் ஒருவராக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

#11 ஒயரிங் தம்பி

அக்கா சொல்வது வீட்டில் கேட்பதற்குச் சரி. லயத்துப்பிள்ளை அண்ணனின் ரேடியோ டேக்கைப் பார்த்து அடுக்கும் ரகம் இல்லை, ஃபோல்டரைத்தான் பார்க்கும். அதற்கு ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

#12 மின்னல் ரசிகை

அப்படியானால் ஃபோல்டரையே காலம் பார்த்துப் பிரிக்கட்டும். 1976க்கு முன், 1976 முதல் 1992 வரை, அதற்குப் பிறகு. இளையராஜா வந்தது 1976, ரஹ்மான் வந்தது 1992. தமிழ்ப் பாட்டுக்கு இதைவிட நல்ல வேலி இல்லை.

#13 பழைய கிராணி

1976க்கு முன் என்று ஒரே ஃபோல்டரா? ஜி.ராமநாதனையும் கே.வி.மகாதேவனையும் விஸ்வநாதன் ராமமூர்த்தியையும் ஒரே லயத்தில் குடிவைக்கிறாயே அம்மா. மனசு வரவில்லை.

#14 செம்பனை லோரி

எல்லோரும் பெரிய படிப்பு படித்தவர்கள், நான் ஓட்டுகிறவன். ஓட்டும்போது ரேடியோ பக்கம் கண்ணைத் திருப்பக் கூடாது, கை மட்டும்தான் போகலாம். அதனால் என்னிடம் நான்கே ஃபோல்டர். பெயர்கூட இல்லை, எண்தான்.

1 விடியல். மணி ஐந்து, பனி, தோட்டத்து ரோடு. பக்தி, சீர்காழி, அப்புறம் கொஞ்சம் நாதஸ்வரம்.
2 பகல். மில்லில் வரிசை பிடித்து நிற்கும்போது. நீளமான பாட்டாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன்.
3 உருமி மேளம். மத்தியானம் சாப்பிட்ட பிறகு கண் சொருகும், அதற்கு மருந்து இதுதான்.
4 வீட்டுக்காரி ஏறினால்.

பட்டனை மூன்று தடவைக்கு மேல் அமுக்க வேண்டியிருந்தால் அந்த அடுக்கல் காடிக்கு ஆகாது. படம் வாரியாக 200 ஃபோல்டர் போட்டிருந்த ஒரு நண்பர் சிம்பாங் வருவதற்குள் ஒரு பாட்டைத் தேடிப் பிடித்ததில்லை.

#15 மின்னல் ரசிகை

நான்காவதில் என்ன இருக்கிறது அண்ணே?

#16 செம்பனை லோரி

அவள் என்ன சொல்கிறாளோ அது.

#17 டேப் டெக்

கட்டம் கட்டமாகத் தெரிவது பற்றி யாரும் சொல்லவில்லையே. உங்கள் ரேடியோவில் தமிழ் எழுத்துரு கிடையாது, எத்தனை டேக் மாற்றினாலும் வராது. ஆண்ட்ராய்ட் பிளேயர் மாட்டினால் வரும். அதுவரை ஃபைல் பெயரை ஆங்கில எழுத்தில் போட்டு, டேக்கில் தமிழை அப்படியே விட்டுவையுங்கள். ஐடி3 டேக்கை 2.3 என்ற பதிப்பில், யூடிஎஃப்-16 முறையில் சேமித்தால் பின்னால் எந்தப் பிளேயருக்குப் போனாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

இன்னொரு நோய் உண்டு. யூனிகோட் பரவுவதற்கு முன் பாமினி எழுத்துருவில் டேக் எழுதிய பாட்டுகள். அவை கட்டமாக வராது, ஆங்கில எழுத்தும் நடுநடுவே அரைப்புள்ளியுமாக வரும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். அதனால் இரண்டு மூன்று எழுத்துக்கு ஒரு அரைப்புள்ளி தென்பட்டால் அது கெட்டுப்போன டேக் இல்லை, பாமினித் தமிழ். மாற்றியில் போட்டால் முழுப் பெயரும் கிடைத்துவிடும். அழித்துவிடாதீர்கள்.

சத்தம் ஏறி இறங்குவதற்கு எம்பி3கெய்ன். 89 டெசிபல் என்று வைத்து மொத்தத்தையும் சமப்படுத்துங்கள். அது பாட்டைத் திரும்பச் சுருக்காது, ஃபைலில் உள்ள ஒலி அளவு எண்ணை மட்டும் ஒன்றரை டெசிபல் படிகளாக ஏற்றி இறக்கும். தரம் குறையாது.

ஒன்று கேட்கிறேன். கேசட்டிலிருந்து நேராக எம்பி3 ஆகவா எடுத்தீர்கள்?

#18 லயத்துப்பிள்ளை

கேசட் டெக்கின் லைன் அவுட்டிலிருந்து மடிக்கணினிக்கு ஒயர், ஆடாசிட்டி என்ற மென்பொருளில் பதிவு. முதலில் சுருக்காத வேவ் ஆகத்தான் எடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பி வந்தது. இடம் போதாமல் பிறகு தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் ஆக்கி ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன். காடிக்கு மட்டும் எம்பி3.

முதல் ஐந்து கேசட்டில் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது மாதிரி மந்தமாக இருந்தது. டெக்கில் டேப்பைப் படிக்கும் தலைக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் திருகைக் காதை வைத்துக்கொண்டு கால் சுற்று திருப்பினேன், "ச" சத்தம் திடீரென்று பளிச்சென்று ஆனது. அப்பா பதிந்த டேப் ரெக்கார்டரின் தலை கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். ஐந்தையும் மறுபடி எடுத்தேன்.

இப்போது அந்த "அவர் பதிந்தது" விஷயம். ரேடியோவிலிருந்து எடுத்ததால் நிறைய பாட்டின் தொடக்கத்தில் அறிவிப்பாளர் குரல் இருக்கிறது. நேயர் விருப்பம் கேட்டவர்களின் பெயரும் தோட்டத்தின் பெயரும் படிப்பார்கள், பாதிப் பெயரில் பாட்டு தொடங்கும். சிலதில் "டக்" என்று பொத்தான் அமுக்கும் சத்தம். ஒரு பாட்டின் நடுவே சேவல் கூவுகிறது. அப்பா ரேடியோவுக்கு முன்னால் டேப்பை வைத்து மைக்கில் பிடித்த காலம் போலிருக்கிறது. இதையெல்லாம் வெட்டிச் சுத்தமாக்கவா வேண்டாமா?

#19 டேப் டெக்

ஹார்ட் டிஸ்கில் அப்படியே வையுங்கள். காடிக்கான பிரதியில் வெட்டுங்கள். ரோட்டுச் சத்தத்தில் அறிவிப்பாளர் பேசுவது எப்படியும் காதில் விழாது.

#20 பழைய கிராணி

வெட்டாதே ஐயா. அந்தக் காலத்தில் நம் தோட்டத்துப் பெயர் ரேடியோவில் வந்ததென்றால் மறுநாள் பெரட்டில் அதே பேச்சாக இருக்கும்.

#21 பட்டணத்துப் பையன்

சேவல் கூவும் பாட்டை மட்டும் எங்காவது ஏற்ற முடியுமா? கேட்க வேண்டும் போலிருக்கிறது.

#22 ஒயரிங் தம்பி

அண்ணே, மறந்தே போனேன். காடியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் விட்ட இடத்திலிருந்து பாடுகிறதா, முதல் பாட்டுக்கே திரும்புகிறதா?

#23 லயத்துப்பிள்ளை

முதல் பாட்டு. ஒவ்வொரு தடவையும். பெட்ரோல் போட நிறுத்தினாலும் முதல் பாட்டு. கடிகாரமும் பன்னிரண்டுக்குப் போய்விடுகிறது. ரேடியோவே அப்படி என்று நினைத்திருந்தேன்.

#24 ஒயரிங் தம்பி

நினைத்தேன். கடிகாரம் போகிறது என்றால் பென்டிரைவ் மேல் பழி இல்லை. ரேடியோ பின்னால் மஞ்சள் ஒயர் ஒன்று, சிவப்பு ஒயர் ஒன்று வரும். மஞ்சள் பாட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் எடுக்க வேண்டும், ஞாபகம் அதில்தான் நிற்கிறது. சிவப்பு சாவி திருப்பினால் மட்டும். அவசரத்தில் மாட்டுகிறவர்கள் இரண்டையும் முறுக்கிச் சாவி ஒயரில் கட்டிவிடுவார்கள். வாடிக்கையாளர் கடையை விட்டுப் போகும்போது எல்லாம் பாடும், மறுநாள்தான் தெரியும். மஞ்சளைத் தனியாகப் பிரித்துப் பியூஸோடு பாட்டரி லைனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை.

#25 லயத்துப்பிள்ளை

தெரிந்த கடையில் பிரித்துப் பார்த்தோம். தம்பி சொன்னது அப்படியே, மஞ்சளும் சிவப்பும் ஒன்றாக முறுக்கி, மேலே கறுப்பு டேப், அதுவும் வெயிலில் இளகிப் பிசுபிசுத்துப் போயிருந்தது. பிரித்துக் கட்டியாயிற்று. இப்போது நிறுத்திய இடத்திலிருந்து பாடுகிறது, கடிகாரமும் ஓடுகிறது.

அப்புறம் இந்தச் சனிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். அக்காவும் லோரி அண்ணனும் சொன்னதைக் கலந்து, வெள்ளி இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து ஐந்து ஃபோல்டர் செய்தேன். பக்தி, பழையது, ராஜா, சோகம், மற்றவை. எம்பி3கெய்ன் போட்டு, அறிவிப்பாளரை வெட்டி, நல்ல சுத்தமாக. கேசட் எண் வைத்த பழைய அடுக்கையும் பக்கத்திலேயே ஒரு ஃபோல்டரில் விட்டுவைத்தேன்.

காலையில் "பழையது" ஓட ஆரம்பித்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது பாட்டு முடிந்து மூன்றாவது தொடங்கியதும் கையை நீட்டி ரேடியோவைக் காட்டி, "இது இங்கே வராதே" என்றார். எனக்குப் புரியவில்லை. "இதுக்கு முன்னாடி சீர்காழி பாட்டு வரும். அது முடியறப்போ உங்கப்பா இருமுவாரு. அப்புறம்தான் இது" என்றார்.

ரோட்டோரம் நிறுத்தி கேசட் ஃபோல்டருக்கு மாற்றினேன். பதினொன்றாம் கேசட், பக்கம் 2. சீர்காழி பாடி முடித்தார். ஒரு "டக்". அதற்கு முன் இருமல். கணினியில் ஹெட்போன் போட்டுக்கொண்டுதான் எல்லாவற்றையும் எடுத்தேன், அது எனக்கு டேப் சத்தமாகத்தான் கேட்டிருக்கிறது.

ஈப்போ வரும்வரை ஒவ்வொரு பாட்டும் தொடங்குவதற்கு முன் அடுத்தது என்ன என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டே இடத்தில்தான் தப்பு. அதிலும் ஒன்று, நான் பக்கத்தை மாற்றி எண் போட்டிருந்தேன்.

#26 மின்னல் ரசிகை

என் 1976 வேலியைப் பிடுங்கிப் போடுங்கள் தம்பி. கேசட் எண்ணே இருக்கட்டும்.

#27 செம்பனை லோரி

31 ஃபோல்டர் அதிகம்தான். ஆனால் பட்டனை அமுக்க வேண்டியதில்லையே, அம்மா பக்கத்தில் இருக்கிறார்.

#28 டேப் டெக்

அறிவிப்பாளரை வெட்டச் சொன்னதை நானும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வெட்டாத பிரதிக்கும் எம்பி3கெய்ன் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு கேசட்டையும் ஒரு ஆல்பமாக எண்ணி, ஆல்பம் கெய்ன் என்ற முறையில் போட்டால் இருமல் பாட்டின் அளவுக்கு உயராது, இருந்த இடத்திலேயே மெதுவாக இருக்கும்.

#29 லயத்துப்பிள்ளை

அப்படியே செய்தாயிற்று. பென்டிரைவைக் காடியிலேயே வைப்பதில்லை. கோயில் வாசலில் மத்தியானம் நிறுத்திவிட்டு வந்து தொட்டால் கை சுடுகிறது. வீட்டிலும் தங்கை வீட்டிலும் ஒவ்வொரு பிரதி இருக்கிறது.

கடைசியாக ஒரு உதவி. இருபத்து மூன்றாவது கேசட் இன்னும் எடுக்க முடியவில்லை. அடியில் டேப்பைத் தலையோடு அழுத்தும் அந்தச் சின்னப் பஞ்சுப் பட்டை உதிர்ந்துவிட்டது, ஒலி வந்து வந்து போகிறது. அம்மா அதைத்தான் கேட்கிறார்.

#30 டேப் டெக்

ஒட்டுவேலை வேண்டாம். திருகு போட்ட வேறொரு பழைய கேசட், நல்ல பட்டையோடு இருப்பதாகப் பாருங்கள். அதைக் கழற்றி உங்கள் டேப் சுருள் இரண்டையும் அதற்குள் மாற்றிவிடுங்கள். உங்களுடையது ஒட்டிய கூடாக இருந்தால் கத்தி முனையால் ஓரமாக மெதுவாகப் பிளக்க வேண்டும். மின்விசிறியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், டேப் பறந்தால் சுற்றி எடுக்க இரவாகிவிடும்.

#31 பழைய கிராணி

என்னிடம் திருகு போட்ட கேசட் நான்கைந்து சும்மா கிடக்கிறது. அடுத்த வாரம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். தனி மடலில் வீட்டைச் சொல்லு ஐயா, கொண்டுவந்து கொடுக்கிறேன்.